பனையடியில் நின்ற ஜெர்மனி குட்டிப் பாட்டில்

திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூர் போகும் ரயிலில், ஸ்ரீவைகுண்டத்துக்கு அடுத்த நிறுத்தம் ஆழ்வார்திருநகரி. நம்மாழ்வார் அவதரித்த ஊர். கோயிலுக்குள் இருக்கும் உறங்காப்புளியைப் பார்க்க வெளியூர்க்காரர்கள் வந்துகொண்டே இருப்பார்கள். தாமிரபரணித் தண்ணீர் பாயும் இடமெல்லாம் நெல்லும் வாழையும். அந்தப் பாசனம் முடிகிற இடத்தில் பனை தொடங்கிவிடும். தெற்கே உடன்குடி வரைக்கும் செம்மண் தேரியும் பனையும்தான்.

பதநீர் சீசனில் அங்கே போயிருந்தேன். நான் தங்கிய வீட்டில் மகன் கப்பல் வேலைக்காரர். முன்னறை அலமாரியில் விரல் உயரத்துக்குக் குட்டிக் குட்டி பாட்டில்கள் வரிசையாக நின்றன. எல்லாம் அவர் இறங்கிய துறைமுகங்களில் வாங்கியவை. ஒவ்வொன்றும் 50 மில்லி. ஒன்றையும் திறக்கவில்லை. குடிப்பதற்காக இல்லாமல் சேர்த்துவைப்பதற்காகவே இப்படிக் குட்டி பாட்டில் வாங்குகிறவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள்.

காலையில் பயினி கொண்டுவந்த பனையேறி அண்ணாச்சி, அதில் ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

“என்ன தம்பி, மருந்துக் குப்பியா?”

“ஜெர்மனி விஸ்கி அண்ணாச்சி. அங்கே விவசாயிகளே காய்ச்சுறாங்க.”

“வெவசாயியா? போலீஸ் புடிக்காதா?”

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லப்போய்த்தான் இந்தக் கட்டுரை வந்தது.

விஸ்கி என்றால் ஸ்காட்லாந்து, அயர்லாந்து நினைவுக்கு வரும். ஜெர்மனி இதில் புதிய ஆள். ஆனால் காய்ச்சி வடிப்பது அங்கே பழைய தொழில். தென்ஜெர்மனியின் கருங்காடு, பவேரியா பகுதிகளில் ஆப்பிள், பேரி, செர்ரி, பிளம் பழங்களை விவசாயக் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வடித்துவருகின்றன. விற்காத பழமும் அடிபட்ட பழமும் அழுகிப்போகாமல் காசாகும் வழி அது. சட்டமும் இதற்கு இடம் கொடுத்தது. ஒரு சிறு பண்ணை வடிகலத்துக்கு ஆண்டுக்கு 300 லிட்டர் சுத்த ஆல்கஹால் என்று அளவு உண்டு. முன்கூட்டியே தெரிவித்துவிட்டு, வரி கட்டிவிட்டுக் காய்ச்ச வேண்டும். வடித்ததை அரசே வாங்கிக்கொள்ளும் ஏற்பாடும் நெடுங்காலம் இருந்தது. 2017-ஆம் ஆண்டு முடிவோடு அது நின்றுபோனது. அதன்பிறகு தன் சரக்குக்குத் தானே சந்தை தேட வேண்டிய நிலை.

தானியத்தில் விஸ்கி வடிக்கும் முயற்சி அதற்கு முன்பே தொடங்கியிருந்தது. 1983-ல் எகோல்ஸ்ஹைம் என்ற சிற்றூரில் ராபர்ட் பிளைஷ்மான் என்பவர் வடிக்க ஆரம்பித்தார். 1999-ல் ஷ்லியர்சே ஏரிக்கரையில், பழச்சாராயம் வடித்துவந்த குடும்பம் ‘ஸ்லிர்ஸ்’ என்ற பெயரில் இறங்கியது. பிறகு ஊர் ஊராகப் பலர் தொடர்ந்தார்கள்.

செய்முறை நமக்குப் புரியாததல்ல. கேழ்வரகை முளைகட்டுகிற மாதிரி பார்லியை ஊறவைத்து முளைகட்டி, உலர்த்தி, அரைத்து, வெந்நீரில் கலக்குவார்கள். மாவுச்சத்து சர்க்கரையாகும். அதைப் புளிக்கவைத்து, செம்புக் கலத்தில் வடித்து, மரப்பீப்பாயில் அடைத்துவைக்க வேண்டும். மூன்று ஆண்டு கழியாமல் அதை விஸ்கி என்று விற்க ஐரோப்பியச் சட்டம் விடாது.

மூன்று ஆண்டு முதலைப் போட்டுக் காத்திருப்பதால் பெரிய பாட்டில் விலை கூடுதல். சுற்றுலா வருகிறவர் யோசிப்பார். அங்கேதான் குட்டி பாட்டில் கைகொடுக்கிறது. கொஞ்சம் காசில் ஊர்ப் பெயர் போட்ட ஒரு பொருள் வாங்கிப் போகலாம். ‘உண்டர்பெர்க்’ என்ற மூலிகைச் சாராய நிறுவனம் 1949-லேயே 20 மில்லி பாட்டில் கொண்டுவந்துவிட்டது.

எல்லாம் கேட்டுவிட்டு அண்ணாச்சி பனையைப் பார்த்தார். “அவனுக்கு மொளகட்டணும், அரைக்கணும். எனக்கு மரமே சர்க்கரைத் தண்ணி தருது. கலயத்துல சுண்ணாம்பு தடவலன்னா தானாப் புளிச்சிரும். ஆனா அது குத்தம். ஆலைக் கழிவுப்பாகுல வடிச்சத மட்டும் கடைபோட்டு விக்கலாமாக்கும்?”

கேள்வி நியாயமானது. தமிழ்நாட்டில் 1987 முதல் கள்ளுக்குத் தடை. 2003 முதல் மதுச் சில்லறை விற்பனை டாஸ்மாக் கையில். பக்கத்துக் கேரளத்தில் கள்ளுக்கடை உண்டு. இலங்கையில் தென்னங்கள்ளை வடித்து அரக்கு ஆக்குகிறார்கள். கோவாவில் முந்திரிப்பழத்தில் வடிக்கும் ஃபெனி, 2009-ல் புவிசார் குறியீடும் வாங்கிவிட்டது.

அடுப்படியில் பயினி காய்ச்சிக்கொண்டிருந்த மதினி திரும்பிப் பார்த்தார். “எங்கப்பாரும் பனையேறிதான். ஏறி எறக்குன காசு குடிச்சே போச்சி. கள்ள வித்தா ஒங்க கைக்குக் காசு வரும், வீட்டுக்கு வருமா?” அண்ணாச்சி பதில் பேசவில்லை. இரண்டு பேர் சொன்னதிலும் பொய்யில்லை.

ஜெர்மனியைப் பார்த்து நாமும் காய்ச்சுவோம் என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. குடியால் அழிந்த குடும்பம் அங்கேயும் உண்டு. நான் பார்த்தது வேறு. அங்கே சிறு விவசாயியின் சரக்குக்குச் சட்டத்தில் ஒரு அளவும் கணக்கும் இருக்கிறது. பாட்டிலில் அவன் ஊர்ப்பெயர் இருக்கிறது. கள்ளுக்கு அப்படி ஓர் அளவு வைக்க முடியுமா என்பதை அரசும், பனையேறிகளும், முக்கியமாக மதினி போன்ற பெண்களும் உட்கார்ந்து பேச வேண்டும்.

ஊர்ப்பெயர் விஷயத்துக்கு அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. உடன்குடிப் பனங்கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. ஆனால் சீனி கலந்த கருப்பட்டியும் அதே பெயரில் சந்தையில் ஓடுகிறது. சுமார் எட்டு, பத்து லிட்டர் பயினி காய்ச்சினால்தான் ஒரு கிலோ கருப்பட்டி. அதைச் சிப்பமாக வியாபாரியிடம் கொடுத்தால் ஊரும் பேரும் அங்கேயே தொலைந்துவிடும். ஒரு டம்ளர் காப்பிக்கு ஒரு சில்லு என்று சின்ன அச்சில் வார்த்து, ஊர், காய்ச்சிய மாதம், ‘சீனி கலக்காதது’ என்று எழுதி, நவதிருப்பதி சுற்றவரும் பக்தர்களிடம் விற்றுப் பார்க்கலாம். நான்கைந்து குடும்பம் சேர்ந்தால் உறை அடிக்கும் செலவு பெரிதாகத் தெரியாது.

1876-ல் பெர்லினிலிருந்து ஜாகர் என்ற ஜெர்மானியர் வந்து, பக்கத்து ஆதிச்சநல்லூரில் தோண்டி, பானைகளையும் இரும்புக் கருவிகளையும் தன் ஊர் அருங்காட்சியகத்துக்குக் கொண்டுபோனார். நம் ஊர் மண்பாண்டம் அங்கே. அவர்கள் ஊர்க் கண்ணாடிக் குப்பி இங்கே அலமாரியில்.

கிளம்பும்போது மதினி ஓலைப்பெட்டியில் இரண்டு கருப்பட்டி வைத்துக் கொடுத்தார். பெட்டியில் ஊர்ப்பெயர் இல்லை. “அடுத்த தடவை எழுதியே தாங்க மதினி” என்றேன். “மொதல்ல சின்ன சிரட்டை தேடணும்லா” என்று சிரித்தார்.