தாழ்ந்து நின்ற புகை

நமது மாவட்டத்திற்குப் புகழ் தேடித் தந்த ஒகேனக்கல் அருவியின் பெயருக்குக் கன்னட மொழியில் 'புகையும் கல்' என்பது பொருள். காவிரி பாறைகளின்மேல் விழுந்து சிதறும்போது எழும் நீர்த்துளிகள் தொலைவிலிருந்து பார்ப்போருக்குப் புகைபோலத் தோன்றுவதால் வந்த பெயர் அது. அருகே சென்று நனைந்தவருக்குத்தான் அது புகையன்று, நீர் என்பது விளங்கும். கடந்த ஆண்டு நமது பங்கின் இளைஞர் ஒருவர், ஒரு மீன் பெட்டியையும் சில பனிக்கட்டிகளையும் கொண்டு இதே பாடத்தை நமக்கு வேறு விதமாகக் கற்பித்தார். அதை வாசகர்களோடு பகிர்ந்துகொள்வது நமது கடன் என எண்ணுகிறோம்.

அவர் பெங்களூருவில் திருமண மேடைகளுக்கு ஒலி, ஒளி அமைக்கும் குழுவில் வேலை செய்பவர். அக்டோபர் மாத இறுதியில் விடுமுறைக்கு வந்தவர், பங்கு இல்லத் திண்ணையில் நம்மிடம் தம் கைப்பேசியில் ஒரு காட்சியைக் காட்டினார். அமெரிக்காவில் ஏதோ ஒரு வீட்டின் முற்றம். அட்டையால் செய்த கல்லறைக் கற்கள், முகம் செதுக்கிய பூசணிக்காய்கள், அவற்றினிடையே முழங்கால் உயரத்துக்கு மேல் எழாமல் தரையோடு தவழும் வெண்புகை. "ஃபாதர், கல்லறைத் திருநாளன்று நம் கல்லறைத் தோட்டத்திலும் இப்படிப் புகை விடலாமா? இயந்திரம் என்னிடம் இருக்கிறது" என்று கேட்டார்.

நமக்குச் சினம் மூண்டது. "கல்லறைத் தோட்டம் என்ன, கூத்து மேடையா?" என்றோம். அவர் மறுமொழி கூறவில்லை. கைப்பேசியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

அவரிடம் சொல்லியிருக்க வேண்டியது வேறு. 'ஹாலோவீன்' என்னும் சொல்லே அனைத்துப் புனிதர் பெருவிழாவுக்கு முந்திய மாலையைக் குறிப்பது. நவம்பர் 1 புனிதர்களுக்கு உரியது. அதற்கு மறுநாளை இறந்த அனைவருக்காகவும் மன்றாடும் நாளாக்கியவர், ஏறத்தாழ கி.பி. 1000ஆம் ஆண்டளவில் பிரான்சு நாட்டுக் குளூனி மடத்தின் தலைவராயிருந்த புனித ஓதிலோ. 19ஆம் நூற்றாண்டில் பஞ்சத்துக்கு அஞ்சிக் கடல் கடந்த அயர்லாந்து மக்கள் தங்கள் நாட்டு மாலை வழக்கங்களை அமெரிக்காவுக்குக் கொண்டு சென்றனர். அங்கே அது நாளடைவில் பேய் வேடமும் இனிப்புப் பண்டமுமாய் மாறிற்று. ஆக, அந்த இளைஞர் காட்டிய முற்றம் வழி தவறிப்போன நம் உறவினர் வீட்டு முற்றமே. இதை அன்போடு விளக்கியிருக்கலாம். அதைவிட, ஏன் அவ்வாறு கேட்கிறார் என்று ஒரு சொல் வினவியிருக்கலாம். இரண்டையும் நாம் செய்யவில்லை.

திருவருகைக் காலம் வந்தது. இளையோர் கோயில் முற்றத்தில் குடில் அமைக்கத் தொடங்கினர். அவரும் வந்தார். இம்முறை நம்மிடம் கேட்காமல் உபதேசியாரிடம் கேட்டுக்கொண்டு புகை இயந்திரத்தைக் குடிலுக்குப் பின்னால் வைத்தார். முதல் ஒத்திகையே பெரும் வேடிக்கையாயிற்று. புகை குபுகுபுவென்று மேலெழுந்தது. இடையர்கள் மறைந்தனர், ஒட்டகங்கள் மறைந்தன, சூசையப்பரின் தலையும் மறைந்தது. சாலையில் போன ஒருவர் குடில் தீப்பற்றிக்கொண்டது என்று எண்ணி வாளியோடு ஓடி வந்தார். "இதற்குத்தான் வேண்டாம் என்றோம்" என்று நாம் முணுமுணுத்தோம்.

அவர் சிரித்துக்கொண்டே விளக்கினார். இயந்திரத்திலிருந்து வருவது விறகுப் புகையன்று. கிளைக்கால் என்னும் திரவத்தை நீரோடு கலந்து சூடேற்றினால் ஆவியாகி, வெளிக்காற்றில் பட்டதும் நுண்ணிய துளிகளாகிறது. சூடாக வருவதால் அதைச் சுமந்து வரும் காற்று மேலே ஏறுகிறது. அதையே குளிர்வித்தால் சுற்றியுள்ள காற்றைவிடக் கனத்துத் தரையோடு படிந்து நிற்கும். "அந்த அமெரிக்க முற்றத்தில் புகைக்குக் குளிர்ப்பெட்டி வைத்திருக்கிறார்கள், ஃபாதர். நாமே செய்துவிடலாம்."

மறுநாள் மீன் கடையிலிருந்து மூடியோடு கூடிய ஒரு தெர்மாக்கோல் பெட்டி வந்தது. அதன் ஒரு பக்கத்தில் மேலாகவும் எதிர்ப்பக்கத்தில் அடிமட்டத்திலும் நான்கு அங்குல பி.வி.சி. குழாய் நுழையுமளவு துளையிட்டனர். கோழிவலைக் கம்பியை வளைத்துக் குகைபோல் உள்ளே பொருத்தி, அதன் மேலும் பக்கங்களிலும் உடைத்த பனிக்கட்டியை நிரப்பினர். குல்பி விற்பவர்கள் செய்வதுபோல் கல்லுப்பையும் தூவினர். உப்புச் சேர்ந்த பனிக்கட்டி இன்னும் மிகுதியாய்க் குளிரும். உருகும் நீர் வடிய அடியில் ஒரு சிறு துளை. இயந்திரத்தின் வாயைக் குழாயோடு ஒட்டவைக்காமல், வெளிக்காற்றும் கலந்து செல்ல நாலு விரற்கடை இடைவெளி விட்டனர். காற்று வந்து கலைக்காதிருக்கக் குடிலைச் சுற்றித் தென்னங்கீற்று மறைப்பு.

நண்பர் ஒருவர், உலர்பனிக்கட்டி வாங்கிவந்தால் இத்தனை தொல்லை இல்லையே என்றார். அது உறைந்த கரியமில வாயு. சுழியத்துக்குக் கீழ் 78 பாகைக் குளிர். வெறுங்கையால் தொட்டால் தோல் வெந்துபோகும். அதிலிருந்து வரும் வாயு காற்றைவிடக் கனமானதால், சிறு குழந்தைகள் அமரும் உயரத்தில் தேங்கி மூச்சை அடைக்கக்கூடும். நமது இளைஞர் அதை ஒரே சொல்லில் மறுத்துவிட்டார். ஈளை நோய் உள்ள பெரியோர் சற்றுத் தள்ளி அமர வேண்டும் என்பதையும், ஈரம் படியும் தரையில் சாக்கு விரிக்க வேண்டும் என்பதையும் அவரே எண்ணிப் பார்த்துச் சொன்னார். கூத்து என்று நாம் ஒதுக்கிய காரியத்தில் இவ்வளவு பொறுப்பு இருந்தது.

கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு இரண்டு நாள் முன்பு, மாலையில் மீண்டும் ஒத்திகை நடந்தது. பனிக்கட்டி நிறைந்திருந்தும் புகை சற்று மேலெழுந்தது. பொறுமை இழந்த நாம், "நன்றாக அழுத்து, தம்பி" என்றோம்.

"அழுத்தினால் வேகம்தான் கூடும், ஃபாதர். வேகமாக வரும் புகை குளிர்வதற்குள் வெளியேறிவிடும். கொஞ்சம் விட்டு, உள்ளே தங்கவிட வேண்டும். பிறகு மறுபடி கொஞ்சம். அவசரப்பட்டால் நிற்காது."

சிறிது நேரம் அவர் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு குரலை உயர்த்தாமல் சொன்னார்: "அப்பா அடக்கமும் அப்படித்தான் ஆயிற்று, ஃபாதர். எல்லாம் அவசரமாக முடிந்துவிட்டது. கல்லறைத் திருநாளிலும் மெழுகுவத்தி ஏற்றியவுடன் எல்லாரும் கிளம்பிவிடுகிறார்கள். அம்மா மட்டும் தனியே நிற்கிறார்கள். புகை தரையில் நின்றால், அதைப் பார்க்கவாவது நாலு பேர் கொஞ்ச நேரம் நிற்பார்கள் என்று நினைத்தேன்."

நமக்கு அந்த நாள் நினைவுக்கு வந்தது. இரண்டு ஆண்டுகளுக்கு முந்திய ஒரு சனிக்கிழமை. கிளைப்பங்கு ஒன்றில் மூன்று மணிக்குத் திருமணம் இருந்தது. அடக்கத் திருப்பலியில் ஐந்து நிமிடம் மறையுரை ஆற்றினோம். மனித வாழ்வு சற்று நேரம் தோன்றி மறையும் புகை என்னும் யாக்கோபின் கருத்தை எடுத்துரைத்தோம். குழியை மந்திரித்தோம். மண் தள்ளி முடியும் முன்னரே மோட்டார் சைக்கிளில் ஏறிவிட்டோம். இறந்தவரின் மகன் நம்மைப் பார்த்துக்கொண்டிருந்ததை நாம் பார்க்கவில்லை.

அப்போதே மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். நாவெழவில்லை. பெட்டிக்கடியில் நிறைந்திருந்த உருகிய நீரை வாளியோடு எடுத்துப்போய்ச் செடிக்கு ஊற்றிவிட்டு வந்தோம்.

அன்றிரவு உறக்கம் வரவில்லை. 1997இல் தருமபுரி மறைமாவட்டம் உருவானபோது நாம் குருமடத்தில் இறையியல் பயின்றுகொண்டிருந்தோம். சபை உரையாளர் நூலில் 'வீண்' என்று பெயர்க்கப்படும் எபிரேயச் சொல்லான 'ஹெவெல்' என்பதன் முதற்பொருள் மூச்சு, ஆவி என்று பேராசிரியர் விளக்கியதை ஆர்வத்தோடு குறிப்பேட்டில் எழுதிக்கொண்டோம். அந்தக் குறிப்பைக் கொண்டு எத்தனையோ அடக்க மறையுரைகளை ஆற்றியிருக்கிறோம். சொன்னதில் பிழையில்லை. ஆனால் சூடாகவும் விரைவாகவும் சொல்லப்பட்ட உண்மை, அழுதுகொண்டிருப்பவரின் தலைக்கு மேலே போய்விடுகிறது. அவர் நிற்கும் தரைக்கு அது இறங்குவதில்லை. இலாசரை உயிர்ப்பிக்கப் போகிறோம் என்று அறிந்திருந்தும் ஆண்டவர் உடனே கல்லறை வாயிலில் நின்று குரல் கொடுக்கவில்லை. மார்த்தாவுடன் பேசினார்; மரியாவின் கண்ணீரைக் கண்டு தாமும் அழுதார். அதன் பிறகே கல்லை அகற்றச் சொன்னார். நாமோ அழ வேண்டிய நேரத்தைக் கடிகாரத்திடம் கொடுத்துவிட்டோம்.

விழா இரவில், நள்ளிரவுத் திருப்பலி முடிந்து மக்கள் முற்றத்துக்கு வந்தபோது, அவர் இயந்திரத்தை இயக்கினார். கொஞ்சம் விட்டார், காத்திருந்தார், மீண்டும் கொஞ்சம் விட்டார். பெட்டியின் அடிவாயிலிலிருந்து வெண்புகை வழிந்து, வைக்கோலின்மேல் படர்ந்து, இடையர்களின் கால்களை நனைப்பதுபோல் நகர்ந்து, பாலன் கிடந்த தொட்டியைச் சுற்றி நின்றது. ஒருவர் முகமும் மறையவில்லை. குழந்தைகள் அதைக் கையால் அள்ளப் பார்த்தார்கள். எவ்வளவு கழுவியும் பெட்டியின் மீன் வாசம் போகவில்லை. "பேதுருவும் குடிலுக்கு வந்துவிட்டார் போலிருக்கிறது, சாமி" என்று ஒரு மூதாட்டி சொல்ல, முற்றமே சிரித்தது.

1223இல் கிரேச்சோ என்னும் இத்தாலியச் சிற்றூரில் புனித பிரான்சிஸ் அசிசியார் வைக்கோலும் எருதும் கழுதையும் கொண்டுவரச் செய்தது, பெத்லகேமின் எளிமையை மக்கள் கண்ணால் காண வேண்டும் என்பதற்காகவே. கண்டவர்கள் சற்று நின்றார்கள். நம் மக்களும் அன்று நின்றார்கள். வழக்கமாகப் பத்து நிமிடத்தில் காலியாகும் முற்றம், பனிக்கட்டி கரைந்து தீரும்வரை கலையவில்லை. அந்த இளைஞரின் தாயார் குடிலுக்கு எதிரே, இரு பெண்களுக்கு நடுவே சாக்கின்மேல் அமர்ந்திருந்தார்.

எல்லாரும் சென்றபின் அவரிடம் போய், "உன் அப்பா அடக்கத்தன்று நாம் நின்றிருக்க வேண்டும், தம்பி. மன்னித்துவிடு" என்றோம். அவர் குழாயைக் கழற்றிக்கொண்டிருந்தார். உடனே ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "பெட்டியின் அந்தப் பக்கத்தைப் பிடியுங்கள், ஃபாதர். தண்ணீரைக் கொட்டிவிடலாம்" என்றார். இருவருமாகத் தூக்கிச் சென்று கொட்டினோம்.

இந்த ஆண்டு நவம்பர் 2 அன்று கல்லறைத் தோட்டத்தில் இயந்திரம் ஏதும் இல்லை. அவரும் கேட்கவில்லை. கல்லறைகளை மந்திரித்துவந்த நாம், அவருடைய தந்தையின் கல்லறையருகே தூபக்கலசத்தை உபதேசியாரிடம் கொடுத்துவிட்டு நின்றோம். தாயார் தம் கணவரைப் பற்றி ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கினார். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. கிளைப்பங்கில் மக்கள் காத்திருப்பார்கள் என்று உபதேசியார் மெல்ல நினைவூட்டினார்.

"சொல்லி அனுப்புங்கள், சற்றுத் தாமதமாகும்" என்றோம்.