சிறுவர்கள் கட்டிய ஊர்!

அந்த ஊருக்கு பஸ் கிடையாது, ரயிலும் கிடையாது. செல்போனில் ஒரு சின்னப் படத்தைத் தொட்டால் போதும், ஒரு கோட்டை முற்றத்தில் கொண்டுபோய் நிறுத்திவிடும். கிழக்கே ஆறு. ஆற்றின் மேல் பாலம். பாலத்துக்கு அந்தப் பக்கம் கோழிப்பட்டியும் மாட்டு வேலியும். கோட்டைக்குள்ளே சமையல்காரர் ஒருவர், முட்டையும் பாலும் மாவும் இல்லாமல் கேக் செய்ய முடியாது என்று கையைப் பிசைந்துகொண்டு நிற்கிறார்.

ஊரின் பெயர் லம்பிரிட்ஜ். ‘ரூன்ஸ்கேப்’ என்ற ஆன்லைன் விளையாட்டின் தலைவாசல். உலகின் பல மூலைகளிலிருந்து வருபவர்கள் ஆளுக்கொரு வேடம் ஏற்று, ஒரே நேரத்தில் இங்கே நடமாடுகிறார்கள். மரம் வெட்டலாம், மீன் பிடிக்கலாம், சமைக்கலாம், வியாபாரம் செய்யலாம், டிராகனோடு சண்டையும் போடலாம். முதல் தடவை வருபவர் வந்து சேரும் இடம் லம்பிரிட்ஜ்தான். வேறெங்கோ சண்டையில் உயிரை விட்டவர் மறுபடி எழுந்து நிற்கும் இடமும் பெரும்பாலும் இதுதான். அதனால் இந்த முற்றத்தில் எந்நேரமும் ஒன்றும் தெரியாத புதுமுகமும் எல்லாம் தெரிந்த பழைய கையும் பக்கத்துப் பக்கத்தில் நிற்பார்கள். யாருக்கு என்ன வயது என்று உருவத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. நடத்தையை வைத்து ஊகிக்கலாம்.

ஒரு முட்டை, ஒரு வாளி பால்

2001 ஜனவரியில் ஆண்ட்ரூ கவர், பால் கவர் என்ற ஆங்கிலேயச் சகோதரர்கள் திறந்துவைத்த உலகம் இது. பின்னாளில் இதை நடத்தும் ஜாகெக்ஸ் நிறுவனம் கேம்பிரிட்ஜ் நகரில் வளர்ந்தது. பெரிய கம்ப்யூட்டர் வேண்டாம், சி.டி. வாங்க வேண்டாம். பிரவுசரில் திறந்தால் ஓடும். காசு கட்டாமலே பாதி உலகத்தைச் சுற்றலாம். கிரெடிட் கார்டு இல்லாத, சொந்தக் கம்ப்யூட்டர் இல்லாத பள்ளிப் பிள்ளைகளுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? பள்ளிக் கம்ப்யூட்டர் அறையிலும் நூலகத்திலும் உட்கார்ந்தபடி கூட்டம் கூட்டமாக வந்தார்கள்.

சமையல்காரருக்கு உதவுவதுதான் பலருடைய முதல் வேலை. கோழிப்பட்டியில் முட்டை பொறுக்க வேண்டும். பசுவிடம் பால் கறக்க வேண்டும். வயலில் கோதுமை பறித்து, காற்றாலையின் உச்சிக்கு ஏறி அதில் கொட்டி, கீழே இறங்கி வந்து மாவை அள்ள வேண்டும். அவ்வளவுதான் வேலை. ஆனால் பத்துப் பன்னிரண்டு வயதில் யாருடைய உதவியும் இல்லாமல் ஒரு காரியத்தை முடித்த சந்தோஷம் அதில் இருந்தது.

அடுத்தது மாட்டுத் தோல். தோலைச் சேர்த்துக்கொண்டு கிழக்கே பாலைவன ஊரான அல் கரிடுக்குப் போனால் அங்கே பதப்படுத்தித் தருவார்கள். ஊர் வாசலில் காவலர் 10 காசு சுங்கம் கேட்பார். அந்தப் பத்துக் காசு இல்லாமல் திரும்பி நடந்த பிள்ளைகள் ஏராளம். அவர்களிடம் பணம் இல்லை. ஆனால் பள்ளி விட்ட பிறகு மாலை முழுக்க நேரம் இருந்தது.

அந்த நேரத்துக்கும் ஒரு சந்தை உருவானது. மந்திரக் கல் செய்யும் பீடத்தில் கைதேர்ந்த ஆட்டக்காரர் ஒருவர் உட்கார்ந்திருப்பார். கீழ் லெவலில் இருப்பவர்கள் மூலக்கல்லைச் சுமந்து வந்து கொடுத்துவிட்டு, கூலி வாங்கிக்கொண்டு மறுபடி ஓடுவார்கள். இதை எந்த நிறுவனமும் திட்டமிட்டு வைக்கவில்லை. முதலாளி, கூலி, பேரம் எல்லாம் ஆடுபவர்களே உண்டாக்கிக்கொண்டவை.

வாரக் சந்தையின் சத்தம்

லம்பிரிட்ஜிலிருந்து வடக்கே நடந்தால் வாரக். இதுதான் பெரிய நகரம். அந்தக் காலத்தில் இங்கே வங்கி வாசலில்தான் வியாபாரம். “நண்டு விற்பனைக்கு”, “வாள் வேண்டும்” என்று கலர் கலராக மின்னும் எழுத்தில் ஒருவர் தலைமேல் ஒருவராகக் கூவுவார்கள். வாரச்சந்தையில் நின்றது போல இருக்கும். எது என்ன விலை, யாரை நம்பலாம் என்பதைக் கூட்டத்தில் நின்று கேட்டுத்தான் கற்றுக்கொள்ள வேண்டும்.

சந்தை என்றால் ஏமாற்றுக்காரர் இல்லாமலா? “உன் கவசத்துக்கு இலவசமாகத் தங்கக் கரை போட்டுத் தருகிறேன்” என்பார் ஒருவர். கவசத்தை வாங்கிக்கொண்டு மறைந்துவிடுவார். “பணத்தைக் கொடு, இரட்டிப்பாக்கித் தருகிறேன்” என்பார் இன்னொருவர். சின்னத் தொகையை ஒருமுறை நிஜமாகவே இரட்டிப்பாக்கித் தந்து ஆசை காட்டிவிட்டு, பெரிய தொகை வந்ததும் கிளம்பிவிடுவார். “பொருளைக் கீழே போட்டுவிட்டு ஆல்ட், எஃப்4 இரண்டையும் அழுத்து, பொருள் இரண்டாகும்” என்பது இன்னொரு தந்திரம். அழுத்தினால் விளையாட்டே மூடிக்கொள்ளும். திரும்பி வருவதற்குள் தரையில் கிடந்த பொருள் காணாமல் போயிருக்கும்.

இன்று முப்பதைத் தாண்டிய பலருக்கு வாழ்க்கையில் முதல் மோசடி அனுபவம் இதுதான். போனில் ஓ.டி.பி. கேட்கும் குரலை அவர்கள் சந்தேகிக்க, பதினோரு வயதில் தொலைத்த ஒரு பச்சைக் கவசமும் காரணமாக இருக்கலாம்.

மேற்கே டிரேநார் என்ற கிராமத்தில் விளையாட்டை எழுதியவர்கள் ஒரு கிண்டலை வைத்திருக்கிறார்கள். நீண்ட தாடியோடு, ஊரே மதிக்கும் அறிவாளி முதியவர் ஒருவர் அங்கே குடியிருக்கிறார். அந்த ஊர் வங்கியைக் கொள்ளையடித்தவர் அவர்தான்! உடைந்த வங்கிச் சுவர் இன்றும் அப்படியே நிற்கிறது. பெரியவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பி வந்த பிள்ளைகளுக்கு அந்தச் சுவர் ஒரு பாடம்.

கை கட்டப்பட்ட காலம்

2007 டிசம்பரில் ஊர் மாறியது. விளையாட்டுக் காசை நிஜப் பணத்துக்கு விற்கும் கும்பல்களும், திருட்டு கிரெடிட் கார்டுகளும் பெரிய தலைவலியாகிவிட்டிருந்தன. அவற்றை ஒழிக்க நிறுவனம் கடுமையான வழியைத் தேர்ந்தெடுத்தது. வடக்கே ‘வைல்டர்னஸ்’ என்ற காட்டில் ஒருவரை ஒருவர் தாக்கிக்கொள்ளும் வழக்கம் நிறுத்தப்பட்டது. அடுத்த மாதமே, மதிப்பில் பெரிய வித்தியாசம் உள்ள பண்டமாற்றுக்கும் தடை வந்தது.

மோசடிக்காரர்களின் கை கட்டப்பட்டது உண்மை. அதோடு கொடுக்கும் கையும் கட்டப்பட்டது. அண்ணன் தன் பழைய வாளைத் தம்பிக்குக் கொடுக்க முடியவில்லை. ஃபாலடார் ஊரின் விழா மண்டபத்தில் ஒரு வழக்கம் இருந்தது. வசதியான பழைய ஆட்டக்காரர்கள் பெட்டியில் பொருள்களைப் போட்டு நெம்புகோலை இழுப்பார்கள். மேலிருந்து பலூன்கள் விழும். பிள்ளைகள் ஓடி ஓடி உடைத்துப் பரிசை அள்ளுவார்கள். ஆட்டத்தை விட்டுப் போகிறவர்கள் சொத்தையெல்லாம் இப்படிக் கொட்டிவிட்டுப் போவதும் உண்டு. புதுச் சட்டம் வந்ததும் அந்தத் தாராளமும் நின்றது.

ஊர்ச் சதுக்கங்களில் பிள்ளைகள் கூட்டமாகத் திரண்டு கோஷம் எழுப்பினார்கள். பலருக்கு அதுதான் முதல் போராட்டம். சட்டம் மாறவில்லை. பலர் கிளம்பிவிட்டார்கள். மூன்று ஆண்டுகள் கழித்து நிறுவனம் வாக்கெடுப்பு நடத்தியபோது 12 லட்சத்துக்கும் அதிகமான வாக்குகள் விழுந்தன. 91 சதவீதம் பேர் பழைய சுதந்திரத்தைக் கேட்டார்கள். 2011 பிப்ரவரியில் அது திரும்பி வந்தது. ஆனால் அதற்குள் விளையாட்டின் தோற்றமும் வேகமும் எவ்வளவோ மாறியிருந்தன. திரும்பி வந்தவர்களுக்குத் தங்கள் ஊரே அடையாளம் தெரியவில்லை.

பரணில் கிடைத்த பழைய ஊர்

நிறுவனத்தின் கிடங்கில் 2007 ஆகஸ்ட் மாதத்துப் பிரதி ஒன்று பத்திரமாக இருந்தது. அதாவது, அந்த டிசம்பருக்கு நான்கு மாதம் முந்தைய ஊர். ‘இதைத் திறக்கலாமா?’ என்று 2013-ல் கேட்டபோது சுமார் 4.5 லட்சம் வாக்குகள் குவிந்தன. அந்த ஆண்டு பிப்ரவரி 22 அன்று ‘ஓல்டு ஸ்கூல் ரூன்ஸ்கேப்’ பிறந்தது. அதே கோழிப்பட்டி, அதே சமையல்காரர், அதே பத்துக் காசுச் சுங்கம்.

திரும்பி வந்தவர்கள் சிறுவர்கள் அல்ல. கல்லூரி முடித்தவர்கள், வேலைக்குப் போகிறவர்கள், போகப்போக அப்பா அம்மா ஆனவர்கள். ஒரு தொழிலில் உச்சமான 99-வது லெவலுக்கு 1,30,34,431 அனுபவப் புள்ளிகள் வேண்டும். அதில் சரிபாதி தூரம் 92-வது லெவலில்தான் வரும். சிறுவயதில் கோடை விடுமுறை முழுக்க வெட்டியும் தொடமுடியாத 99-ஐ, இப்போது ரயிலில் போகும்போதும் குழந்தையைத் தூங்கவைக்கும்போதும் கொஞ்சம் கொஞ்சமாகத் தொடுகிறார்கள். 2018 அக்டோபரில் செல்போனுக்கு வந்தபிறகு இது இன்னும் சுலபமானது. மரத்தடியில் நிறுத்திவிட்டு வேறு வேலை பார்ப்பவர்கள் கூட்டமாக நிற்பார்கள். சத்தம் இருக்காது. எப்போதாவது ஒருவர் லெவல் ஏறினால் மற்றவர்கள் ஒற்றை வார்த்தையில் வாழ்த்திவிட்டு மௌனமாகிவிடுவார்கள்.

நேரம் உள்ளவரும் காசு உள்ளவரும்

வாரக் நகரின் வடமேற்கு மூலையில் இப்போது ‘கிராண்ட் எக்ஸ்சேஞ்ச்’ என்ற பெரிய வணிகக் கூடம். கூவத் தேவையில்லை, விலையைப் பதிந்துவிட்டால் தானாக விற்றுவிடும். வேலைக்குப் போகிறவர்களுக்கு இது வரம். ஓல்டு ஸ்கூலில் முதலில் இது இல்லை. வாக்கெடுப்பு வைத்து 2015-ல் கொண்டுவந்தார்கள். பேரம் பேசிப் பழகிய பழைய சந்தை அதோடு மெலிந்தது.

இங்கே விற்கும் ‘பாண்டு’ என்ற பத்திரத்தைக் கவனித்தால் ஊரின் வயதுக் கணக்கு புரிந்துவிடும். நிஜப் பணம் கொடுத்து ஒருவர் பாண்டு வாங்குகிறார். அதை இங்கே விளையாட்டுக் காசுக்கு விற்கிறார். வாங்குகிறவர் அதை வைத்து 14 நாள் சந்தா எடுத்துக்கொள்கிறார். விற்பவரிடம் சம்பளம் இருக்கிறது, மீன் பிடிக்க நேரம் இல்லை. வாங்குபவரிடம் பாக்கெட் மணிகூட இல்லாமலிருக்கலாம். ஆனால் மாலை முழுக்க நேரம் இருக்கிறது. ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. ஒருவரால் மற்றவர் ஆட்டம் ஓடுகிறது.

இதே கூடத்தின் வாசலில் ‘இரட்டிப்பாக்கித் தருகிறேன்’ என்று கூவும் ஆளும் ஓய்வில்லாமல் நிற்கிறார். ஆனால் இப்போது பக்கத்தில் ஒரு பழைய கை நின்று, “கொடுக்காதே தம்பி, மோசடி” என்று எச்சரிப்பதையும் பார்க்கலாம். சிறுவயதில் தான் ஏமாந்த அதே இடத்தில் நின்று இன்னொருவரைத் தடுக்கிறார். எல்லாப் பெரியவர்களும் அப்படி இல்லை. முகம் தெரியாதவரிடம் பாஸ்வேர்டு சொல்லக்கூடாது, ஊர், பள்ளி, போட்டோ பகிரக்கூடாது, வைல்டர்னஸ் எல்லையைத் தாண்டிக் கூப்பிட்டால் போகக்கூடாது. பிள்ளையை உள்ளே அனுப்பும் வீடுகள் இதை முதலிலேயே சொல்லிவைப்பது நல்லது. வங்கிக்கு ரகசிய எண் போடும் வசதி உண்டு. அதை முதல் நாளே பெரியவர்கள் கூட உட்கார்ந்து போட்டுக்கொடுக்கலாம்.

புதிதாக ஒரு கடல்

ஓல்டு ஸ்கூலில் பெரிய மாற்றங்கள் பெரும்பாலும் வாக்கெடுப்புக்குப் பிறகே வரும். ஆரம்பத்தில் 75 சதவீத ஆதரவு வேண்டும் என்பது விதி. கேட்பதற்கு நல்ல ஜனநாயகம்தான். ஆனால் பழைய ஊரை அப்படியே வைத்திருக்க ஆசைப்படுகிறவர்கள் நான்கில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமாக இருந்தாலே எதுவும் நகராது. ‘கடலோட்டம்’ என்ற புதுத் தொழில் 2015-ல் பெரும்பான்மை ஆதரவு பெற்றும் தோற்றது. 2019-ல் ‘வார்டிங்’ என்ற இன்னொரு தொழிலுக்கும் அதே கதி.

பழையவர்கள் பக்கமும் நியாயம் உண்டு. ஒருமுறை ஊரைப் பறிகொடுத்தவர்கள் அவர்கள். மாற்றம் என்ற சொல்லைக் கேட்டாலே 2007 நினைவுக்கு வரும். ஆனால் 2007-ல் பிறக்காதவர்களும் இப்போது அந்த முற்றத்தில் வந்து இறங்குகிறார்கள். அவர்களுக்கு அது யாரோ ஒருவருடைய பிள்ளைப்பருவத்தின் அருங்காட்சியகம். எந்தக் கதவைத் திறந்தாலும், ‘இதை நாங்கள் அப்போதே பார்த்துவிட்டோம்’ என்று சொல்ல ஒருவர் நிற்பார்.

பிற்பாடு விதி 70 சதவீதமாகத் தளர்ந்தது. 2023-ல் கடலோட்டம் மறுபடி வாக்கெடுப்புக்கு வந்து, இந்த முறை மயிரிழையில் தப்பித்துக் கரையேறியது. 2025 நவம்பரில் கப்பல்கள் புறப்பட்டன. பழைய ஊர் திறந்த பிறகு அதில் சேர்ந்த முதல் புதுத் தொழில் அது.

அன்று போர்ட் சரிம் துறைமுகத்தில் நெரிசல். எல்லாத் தொழிலிலும் 99 தொட்டு, பட்டுச் சால்வையோடு திரியும் மூத்தவர்கள் ஒரு பக்கம். நேற்றுத்தான் சமையல்காரருக்கு முட்டை கொண்டுபோய்க் கொடுத்த புதுமுகங்கள் மறுபக்கம். படகை எப்படித் திருப்புவது என்று யாருக்கும் தெரியவில்லை. எல்லோருடைய லெவலும் ஒன்று.