மாற்றலாம், மறைக்கலாகாது

ஸ்பிரிங்வெளியில் ஒரு மழை மாலை. மகன் கணினியில் ‘ஸ்கைரிம்’ விளையாடினான். 2011இல் வெளிவந்த அதில் டிராகனுக்குப் பதில் ‘தோமஸ்’ ரயில் எஞ்சின் பறந்தது. ரசிகர் ஒருவர் செய்த மாற்றமாம்.

“கதையைக் கெடுக்கலாமா?” என்று கடிந்தேன்.

“வாப்பா, சீறாப்புராணத்தில் அரபு நாட்டில் நெல் விளையுதே?” என்றான்.

வாயடைத்துப் போனேன். நாட்டுப் படலத்தை அவனுக்குச் சொல்லிக்கொடுத்ததே நான்தான்!

இரவெல்லாம் யோசித்தேன். உமறுப் புலவர் நிலத்தைத் தமிழாக்கினார். அது காப்பிய மரபென்று கேட்டவர் அறிவர். நபிகளார் வரலாற்றையோ, சதக்கத்துல்லாஹ் அப்பாவை நாடி மூலம் பெற்றே பாடினார் என்பர்.

கற்பனையை மாற்றுவது விளையாட்டு. மாற்றியதை மூலமென்று சொல்வதே பொய்.

காலையில் மகனிடம், “நீ கேட்டது சரி” என்றேன். நீங்களும் பிள்ளைகளைக் கடியுமுன், “இதன் மூலம் என்ன?” என்று கேளுங்கள்.