வடகடல் யாத்திரைக்கு மூட்டை கட்டிய நாட்கள்

ஜூன் 9, வான்கூவர்

மகள் வீட்டுக் கூடத்தில் காலையிலிருந்தே இரண்டு பெட்டிகள் திறந்தபடி கிடக்கின்றன. நாளை மறுநாள் நானும் மனைவியும் மகளுமாக மூவரும் அலாஸ்காவின் தென்கிழக்குக் கரையோரமாக ஏழு நாள் கப்பல் யாத்திரை புறப்படுகிறோம். கோடைகால யாத்திரை என்ற சொல்லை நம்பி, மதுரையிலிருந்து நான் கொண்டுவந்த ஆறு கதர்ச் சட்டைகளையும் நான்கு வேஷ்டிகளையும் பெட்டியின் அடியில் பரப்பி வைத்திருந்தேன். மகள் வந்து பார்த்தாள்; ஒன்றும் பேசாமல் அவற்றை ஒவ்வொன்றாக எடுத்து நாற்காலியின்மேல் அடுக்கினாள்.

“அப்பா, அங்கே மழை பெய்யாத நாள்தான் அபூர்வம். பருத்தி நனைந்தால் உங்கள் உடம்பு சீக்கிரம் குளிர்ந்துவிடும்” என்றாள்.

நாற்பது வருஷமாகக் கதரைத் தவிர வேறொன்றும் உடம்பில் படாமல் வாழ்ந்தவனுக்கு இந்த வார்த்தை எளிதில் ஜீரணமாவதாக இல்லை. ஆனால் அவள் சொன்ன காரணத்தில் பிசகு இல்லை. நம் நாட்டு வெயிலில் பருத்திக்கு உள்ள மகத்தான குணம், வியர்வையை உறிஞ்சிக்கொண்டு அது உலரும்போது உடம்பின் உஷ்ணத்தையும் கூடவே கொண்டுபோய்விடுவது. உடம்பின் உஷ்ணமே ஒருவனுக்கு மூலதனமாக இருக்கிற சீதளப் பிரதேசத்தில் அந்தக் குணமே அபாயமாகிறது. கம்பளியோ, தன் சுருண்ட இழைகளுக்கிடையில் காற்றைச் சிறைப்பிடித்து வைத்துக்கொள்வதால், சிறிது நனைந்த பின்னும் வெதுவெதுப்பை விடுவதில்லை. நடுக்கோடையில்கூட, எங்கள் கப்பல் நிற்கப்போகும் ஜூனோ நகரத்துப் பகலின் சராசரி உச்ச உஷ்ணம் 17, 18 டிகிரி சென்டிகிரேடுதான். இரவில் 10 டிகிரியை ஒட்டி இறங்கிவிடும். மதுரையின் மார்கழி விடியல் இதற்கு எவ்வளவோ மேல்.

ஜூன் 10

இன்று முழுவதும் பெட்டி கட்டும் வேலைதான். இந்த யாத்திரையில் குளிரைக் காட்டிலும் சிரமம் தருவது, அது ஒரே நிலையில் நில்லாதது. பசிபிக் சமுத்திரத்திலிருந்து ஈரத்தைச் சுமந்துவரும் காற்று, கடலின் விளிம்பிலிருந்தே செங்குத்தாக எழும் மலைகளில் மோதி மேலேறிக் குளிர்ந்து மழையாகிறது. ஆனி, ஆடியில் குற்றாலத்தில் சாரல் விழுவதும் இதே நியாயத்தால்தான். மலைக்கு அந்தப் பக்கம் திரும்பினால் வெயில்; பனியாற்றின் முன் நின்றால் மார்கழியையும் மிஞ்சிய குளிர்; இவ்வளவும் காலைப் பலகாரத்துக்கும் மாலைக் காப்பிக்கும் நடுவில் நேர்ந்துவிடலாம்.

ஆகவே ஒரே கனத்த கோட்டை நம்புவது பேதைமை என்று எனக்குப் பட்டது. அடுத்த வீட்டு அம்மாள் அன்போடு கொடுத்தனுப்பிய பெரிய குளிர்கோட்டை என் மனைவி விட மனமில்லாமல் மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். “இதைப் போட்டுக்கொண்டால் எந்தக் குளிரும் அண்டாதுங்க” என்றாள். அண்டாதுதான்; ஆனால் வெயில் வந்தால் கழற்ற வேண்டும், கழற்றினால் உள்ளே ரவிக்கையும் புடவையும் மட்டும்; இரண்டுக்கும் நடுவில் ஒரு நிலை இல்லை. மெல்லிய உடுப்புகளை ஒன்றன்மேல் ஒன்றாக அணிந்தால், ஒவ்வோர் அடுக்குக்கும் இடையில் தங்கும் காற்றே போர்வையாகும்; வேண்டியபோது ஒன்றைக் கழற்றலாம், வேண்டாதபோது பையில் சுருட்டி வைக்கலாம். இதை அவளுக்கு எடுத்துச் சொல்லி, கோட்டை நன்றியோடு திருப்பி அனுப்பினோம்.

கடைசியில் பெட்டிக்குள் போனவை: உடம்போடு ஒட்டும் மெல்லிய கம்பளி பனியன் ஆளுக்கு இரண்டு, அதன்மேல் போட ஸ்வெட்டர் ஒன்று, எல்லாவற்றுக்கும் மேலே, தலைமூடி தைத்த மழைச்சட்டை, காற்றும் நீரும் புகாதது, சீக்கிரம் உலரும் நைலான் கால்சட்டைகள், கம்பளிக் காலுறைகள் நிறைய, ஏனென்றால் கால் நனைந்தவனுக்கு மற்ற எந்த சுகமும் சுகமாக இராது, குல்லாய், கையுறை, பனியின்மேல் பட்டுத் தெறிக்கும் வெளிச்சத்துக்குக் கறுப்புக் கண்ணாடி. இஸ்திரிப் பெட்டி மட்டும் போகவில்லை; தீப்பிடிக்கும் பயத்தால் கப்பலில் அதை அனுமதிப்பதில்லை. கப்பல் அறையின் சுவர்கள் எஃகினால் ஆனவை, காந்தக் கொக்கிகள் ஒட்டிக்கொள்ளும், ஈரத்துணியைத் தொங்கவிடலாம் என்று மகள் ஆறு கொக்கிகள் வாங்கிவந்தாள். இத்தனை யோசனைகளில் மெச்சத் தகுந்தது இதுவே.

ஒரு வேஷ்டியையும் ஈரிழைத் துண்டையும் மட்டும் நான் விட்டுக்கொடுக்கவில்லை.

ஜூன் 12, நடுக்கடல்

நேற்றுத் துறைமுகத்தில் கப்பல் ஊழியர்கள் எங்கள் பெரிய பெட்டிகளை வாங்கிக்கொண்டு, மாலையில்தான் அறை வாசலில் கொண்டுவந்து வைத்தார்கள். மருந்துகளைக் கைப்பையில் வைத்திருந்த நான் மழைச்சட்டையைப் பெட்டியிலேயே விட்டுவிட்டேன். கப்பல் புறப்படும்போது மேல்தளத்தில் நின்று பார்க்கும் பாக்கியம், திடீரென்று வந்த தூறலால் பாதியிலேயே போயிற்று. கையோடு வைத்திருக்க வேண்டியது எது என்பது பெட்டி கட்டும் கலையில் தனி அத்தியாயம்.

இன்று தீவுகளின் மறைவை விட்டு ராணி சார்லட் விரிநீரைக் கடக்கையில் சமுத்திரத்தின் அலை நேராக வந்து மோதியது. மனைவிக்குச் சற்றுத் தலை சுற்றியது. மதியத்துக்குள் மூடுபனி, வெயில், சாரல், மறுபடி வெயில்.

ஜூன் 13, ஜூனோ

இரவு 10 மணி கடந்துதான் சூரியன் மறைகிறது. விடியற்காலை 4 மணிக்கு முன்பே எழுந்துவிடுகிறது. கண்ணுக்குக் கட்டிக்கொள்ளத் துணிப்பட்டை கொண்டுவந்தது நல்லதாயிற்று. மெண்டன்ஹால் பனியாற்றைப் பார்க்கப் போன இடத்தில், நீலக் காடாத்துணிக் கால்சட்டை முழங்கால்வரை நனைந்து இளைஞன் ஒருவன் பல் கிட்டி நின்றான். என் துண்டைக் கொடுத்தேன்.

ஜூன் 14, ஸ்காக்வே

இந்தச் சிற்றூரில் கால் வைத்ததும், மூட்டை கட்டுவது பற்றி நான் இந்தக் குறிப்பேட்டில் எழுதிவந்ததெல்லாம் வேறு அர்த்தம் பெற்றுவிட்டது.

1897-லும் 1898-லும் மலைக்கு அப்பால் கனடாவிலுள்ள கிளாண்டைக்கில் தங்கம் கிடைக்கிறதென்று கேள்விப்பட்டு ஆயிரக்கணக்கான மனிதர்கள் இந்தக் கரையில் வந்திறங்கினார்கள். அங்கே பட்டினி கிடந்து மடியக் கூடாதென்று, ஒரு வருஷத்துக்கு வேண்டிய உணவில்லாமல் எவனையும் எல்லை தாண்ட விடுவதில்லை என்று கனடாவின் குதிரைப் போலீஸார் கட்டளை போட்டார்கள். உணவோடு கூடாரமும் கருவிகளும் உடுப்பும் சேர்ந்தால் ஓர் ஆளுக்கு ஏறக்குறைய ஒரு டன் கனம். சில்கூட் கணவாயில் ஏறியவர்கள் இதைத் தங்கள் முதுகிலேயே, நடைக்கு 50, 60 ராத்தலாக, முப்பது நாற்பது நடை ஏறி இறங்கிச் சுமந்தார்கள். பக்கத்துக் கணவாயான ஒயிட் பாஸ் வழியே போனவர்கள் குதிரைகளின்மேல் ஏற்றினார்கள். சேற்றிலும் பாறையிலும் கால் ஒடிந்தும் பசியாலும் சுமார் 3,000 மிருகங்கள் அந்த வழியில் மாண்டன. செத்த குதிரைப் பள்ளத்தாக்கு என்று அந்த இடத்துக்கு இன்றும் பெயர்.

அதே கணவாய் வழியே 1898-ல் தொடங்கி 1900-ல் முடித்த இருப்புப்பாதையில் இப்போது உல்லாசப் பிரயாணிகளை ஏற்றிச் செல்கிறார்கள். கடல்மட்டத்திலிருந்து 873 மீட்டர் உயரமுள்ள சிகரத்துக்கு ரயில் ஏறுகையில், ஊரில் வெயிலுக்காகக் கழற்றிய ஸ்வெட்டரை வழியில் மறுபடி அணிந்து, உச்சியில் மழைச்சட்டையையும் மேலே போட்டுக்கொண்டேன். அந்தப் பள்ளத்தாக்கு ஜன்னலுக்குக் கீழே ஓடியபோது ரயில் பெட்டியில் ஒருவரும் பேசவில்லை. பேராசைக்காரர்களின் மூட்டையை, ஆசை ஒன்றும் இல்லாத வாயில்லா ஜீவன்கள் சுமந்தனவே என்ற எண்ணம் என்னை விட்டு நீங்கவில்லை. இன்று இரவு உணவும் செல்லவில்லை.

ஜூன் 15, பனியாற்று விரிகுடா

அதிகாலையிலேயே மூன்று அடுக்கும் அணிந்து தளத்துக்கு வந்துவிட்டோம். 1794-ல் கப்பல் தலைவர் வான்கூவரின் மாலுமிகள் வந்தபோது இந்த விரிகுடா ஏறக்குறைய முழுவதும் பனிக்கட்டியாக இருந்தது. 1879-ல் இயற்கை ஆராய்ச்சியாளர் ஜான் மியூர், இந்தக் கரையோரத்துப் பழங்குடிகளான டிலிங்கிட் ஜனங்களின் மரத்தோணியில், அக்டோபர் மாதத்து மழையிலும் பனியிலும் நனைந்துகொண்டு வந்தபோது, பனி 30 மைலுக்கு மேல் பின்வாங்கியிருந்தது. இன்று கப்பல் 65 மைல் உள்ளே போகிறது. மார்ஜரி பனியாற்றின் முன் கப்பல் நின்றதும், அதுவரை இல்லாத ஒரு காற்று எதிரே வந்தது. பனியின்மேல் படிந்து குளிர்ந்து கனத்த காற்று, தண்ணீரைப் போலவே சரிவில் வழிந்து கீழே இறங்குகிறதாம். வெயில் முகத்தில் அடிக்கிறது; அந்த வெயிலுக்குள்ளேயே விரல் மரத்துப்போகிறது. கையுறையைக் கழற்றாமலே ஒரு மணி நேரம் நின்றோம். பனிச்சுவரின் ஒரு பகுதி இடிந்து விழுந்த ஓசை, விழுந்த காட்சிக்குப் பின்னால்தான் வந்து சேர்ந்தது.

கப்பலில் ஏறி விளக்கம் சொன்னவர்களில் டிலிங்கிட் மாது ஒருத்தி இருந்தாள். ஸ்ப்ரூஸ் மரத்தின் வேரைத் தோண்டிப் பிளந்து மெல்லிய நாராக்கி முடைந்த தொப்பி ஒன்றைக் காட்டினாள். ஈரம் பட்டதும் நார் உப்பி, பின்னலின் கண்கள் அடைபட்டு, நீர் உள்ளே இறங்காது. அவளுடைய முன்னோர் மலையாட்டின் மயிரையும் மஞ்சள் சீடர் மரப்பட்டையையும் சேர்த்து முறுக்கிச் சில்காட் போர்வை நெய்தார்கள்; மேற்கே தீவுகளில் வசித்த அலியூட் ஜனங்கள் கடற்சிங்கத்தின் குடலைத் தைத்து மழைச்சட்டை செய்தார்கள். நான் கடையில் விலை கொடுத்து வாங்கிய மூன்று அடுக்குகளின் சாஸ்திரம் முழுவதும் இந்த மண்ணில் எப்போதோ அறியப்பட்டிருந்தது. எந்தப் பூமியில் எந்த மழை பெய்கிறதோ அந்தப் பூமியே அதற்கு வேண்டிய வஸ்திரத்தையும் விளைவிக்கிறது. என் கதருக்கும் இந்த வேர்த்தொப்பிக்கும் நியாயம் ஒன்றே என்று தோன்றியபின், நாற்காலியின்மேல் விட்டுவந்த சட்டைகளைப் பற்றிய வருத்தம் தீர்ந்தது.

ஜூன் 16, கெட்சிகன்

எதிர்பார்த்ததை மழை பொய்யாக்கவில்லை. வருஷத்துக்கு 140 அங்குலத்துக்கு மேல் பெய்கிற ஊர். துறைமுகத்தருகே மழையளவைக் காட்டும் பெரிய பலகை நிற்கிறது, 1949-ல் 202.55 அங்குலம் பெய்ததாக அதில் கண்டிருக்கிறது. இவ்வூரார் மழைக்கு இட்ட செல்லப் பெயர் ‘திரவ வெயில்’. தூறல், தூவானம், சாரல், அடைமழை என்று பெயர் சூட்டி மழையைக் கொண்டாடும் பாஷையில் பிறந்தவனுக்கு இந்தப் பெயர் மிகவும் பிடித்திருந்தது.

நாங்கள் பார்த்தவரையில் ஊர்க்காரர் ஒருவர் கையிலும் குடை இல்லை. காலில் பழுப்பு நிற ரப்பர் பூட்ஸும் தலைமூடியுமாக அவரவர் காரியத்தைப் பார்த்துக்கொண்டு போகிறார்கள். காற்றில் இரண்டு முறை மடங்கிய குடையை என் மனைவியும் சுருக்கிப் பையில் வைத்துவிட்டு, தலைமூடியை இழுத்துவிட்டுக்கொண்டு, ஓடையின்மேல் கட்டிய மரவீடுகளின் வரிசையை நெடுநேரம் நின்று பார்த்தாள். “குளிரே தெரியலைங்க” என்றாள்.

இப்போது இரவு. ஆறு கொக்கிகளிலும் மூன்று மழைச்சட்டைகளும் காலுறைகளும் சொட்டிக்கொண்டிருக்கின்றன. அறைக்குள் கணப்பு இதமாக இருக்கிறது. அடியிலிருந்து வேஷ்டியை எடுத்துக் கட்டிக்கொண்டு இதை எழுதுகிறேன்.