நட்சத்திரத்துக்கு உயிர் வந்த இடம்

பாஷ் ஷெல்லில் ஒரு மாறிக்குள் '5 * 3 = 15' என்று போட்டு வையுங்கள். இரட்டை மேற்கோள் இல்லாமல் அந்த மாறியை எக்கோவிடம் கொடுத்தால், 5-க்கும் 3-க்கும் நடுவே அந்த அடைவில் இருக்கும் கோப்புகளின் பெயரெல்லாம் வந்து நிற்கும். உள்ளே போடும்போது ஷெல் நட்சத்திரத்தைத் தொடுவதில்லை. வெளியே எடுக்கும்போதுதான் அது வேலையைக் காட்டுகிறது. மேற்கோள் போடுங்கள் என்று எல்லாப் புத்தகமும் சொல்லும். இந்த ஏற்பாடு எங்கிருந்து வந்தது என்று பார்க்கத்தான் பழைய யூனிக்ஸின் மூலநிரல்களுக்குள் இறங்கினேன்.

1971-இல் பெல் லேப்ஸில் வந்த முதல் பதிப்பில் நட்சத்திரத்தை விரிப்பது ஷெல்லின் வேலையே இல்லை. அதற்கு 'குளோப்' என்று தனி நிரல் இருந்தது. கட்டளையில் நட்சத்திரம் கண்ணில் பட்டால் ஷெல் மொத்தத்தையும் குளோப்பிடம் தள்ளிவிடும். அது பெயர்களை நிரப்பிக் கட்டளையை ஓட்டும். பெயர் வைத்த மாறிகள் அப்போது கிடையாது.

1975-இன் ஆறாம் பதிப்பில்தான் விஷயம் பிடிபட்டது. கென் தாம்சனின் ஷெல் ஒரே கோப்பில் அடங்கிவிடுகிறது. அதில் எழுத்தெழுத்தாக வாசிக்கும் சின்னச் செயற்கூறு ஒன்று. டாலர் குறியும் எண்ணும் வந்தால், அந்த எண்ணுக்குரிய மதிப்பின் எழுத்துகளை, யாரோ விசைப்பலகையில் தட்டியதைப் போலவே, ஒவ்வொன்றாக உள்ளே விடுகிறது. தட்டிய நட்சத்திரம், மதிப்பிலிருந்து வந்த நட்சத்திரம் என்ற பேதம் அங்கேயே அழிந்துவிடுகிறது. மேற்கோளுக்குள் இருக்கும் எழுத்துகளுக்கு மட்டும் அடையாளம் உண்டு: எட்டாவது பிட் ஏற்றப்படும். பிட் ஏறிய நட்சத்திரம் வெறும் குறி. ஏறாத எல்லா நட்சத்திரமும் உயிருள்ளது. மேற்கோளுக்குள் டாலர் வேலை செய்யாது என்பதால், டாலர் வழியாக வரும் மதிப்பைக் காப்பாற்ற வழியே இல்லை.

1979-இல் ஏழாம் பதிப்போடு ஸ்டீபன் போர்னின் ஷெல் வந்தது. (அவர் சி மொழியை அல்கால் 68 போலத் தோன்றும்படி மேக்ரோக்களால் மாற்றி எழுதியிருக்கிறார். வாசிக்க ஆரம்பித்தால் இது சிதானா என்ற சந்தேகமே வரும்.) உண்மையான மாறிகளைக் கொடுத்தார், இரட்டை மேற்கோளுக்குள் டாலர் வேலை செய்யவும் வழி செய்தார். இன்று நாம் மந்திரம்போல் ஓதும் விதிக்கு மூலம் இதுதான். ஆனால் அடையாளம் அதே எட்டாவது பிட், அதே திசையில்: மேற்கோளுக்குள் இருப்பதற்குத்தான் முத்திரை. மாறியை விரி, இடைவெளியில் வெட்டு, பிறகு நட்சத்திரத்தை விரி என்ற வரிசையை 1992-இல் போசிக்ஸ் தரநிலையாக்கிவிட்டது.

அந்த எட்டாவது பிட்டை நினைத்தால் எனக்குச் சிரிப்பு வரும். யூடிஎஃப்-8 முறையில் 'க' என்ற எழுத்து மூன்று பைட்; மூன்றிலும் எட்டாவது பிட் ஏறியே இருக்கும். அந்தக் கால ஷெல்லில் அதைத் தட்டியிருந்தால், மேற்கோள் அடையாளம் என்று நினைத்துப் பிட்டை உதிர்த்திருக்கும். கணக்குப் போட்டுப் பார்த்தேன்: மிஞ்சுவது ஒரு பின்சாய்ந்த மேற்கோள், ஒரு புள்ளி, திரையில் தெரியாத ஒரு கட்டுப்பாட்டுக் குறி.

மாற்று வழியைக் கண்டவர் டாம் டஃப். பெல் லேப்ஸிலேயே, பத்தாம் பதிப்புக்கும் பிளான் 9-க்கும் எழுதிய 'ஆர்சி' ஷெல்லில், உள்ளீட்டை ஒரு முறைக்கு மேல் அலசக்கூடாது என்பதைக் கொள்கையாகவே வைத்தார். அவருடைய நிரல் மேற்கோளுக்குள் இருப்பதைக் குறிப்பதில்லை. பயனர் மேற்கோளில்லாமல் தட்டிய நட்சத்திரத்துக்கு முன்னால்தான் ஒரு பைட்டை நிறுத்துகிறது. மாறியிலிருந்து வருவதற்கு அந்தப் பைட் இல்லை, ஆகவே அது விரியாது. 1990-இல் பால் ஃபால்ஸ்டாட் எழுதிய இசட்ஷெல்லும் இந்தப் பக்கம்தான்: தட்டிய நட்சத்திரத்தை உள்ளுக்குள் வேறொரு குறியாக மாற்றிக்கொள்கிறது. மாறிக்குள் இருப்பதும் விரிய வேண்டுமானால் டாலருக்குப் பக்கத்தில் ~ போட்டுக் கேட்க வேண்டும். இதுதான் நியாயம் என்பது என் கட்சி. எது ஆபத்தோ அதற்கல்லவா முத்திரை குத்த வேண்டும்?

பாஷ் போர்னின் வழியில் நின்றுவிட்டது. எட்டாவது பிட்டை மட்டும் விட்டுவிட்டு, மேற்கோளுக்குள் இருக்கும் எழுத்துக்கு முன்னால் ஒரு தனி பைட்டை வைக்கிறது. அதன் மதிப்பு 1. ஆர்சியில் டஃப் உயிருள்ள நட்சத்திரத்துக்கு முன்னால் வைத்த பைட்டின் மதிப்பும் அதே 1.