தொய்ந்த நூல்

அதிகாலை நாலு மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது. காவல் முறை, எங்கள் பேச்சில் வாட்ச், மாறும் நேரம். இப்போது தோளைத் தட்டி எழுப்ப யாருமில்லை. மெத்தை முழுவதும் எனக்கே. நீர்மூழ்கியில் ஒருவன் எழுந்த சூடு ஆறுவதற்குள் அடுத்தவன் அதே இடத்தில் படுப்பான். இத்தனை வருஷம் கழிந்தும் முதுகு அந்தச் சூட்டைத் தேடுகிறது.

விசாகப்பட்டினத்தில் இருந்தது எங்கள் போட். நீர்மூழ்கியை நாங்கள் கப்பல் என்று சொன்னதில்லை. சோவியத்தில் கட்டிய ஃபாக்ஸ்ட்ராட் வகை. 91 மீட்டர் நீளம், ஏழு பகுதிகள், சுமார் 75 பேர். தலைமுடியில் டீசல், சட்டையில் டீசல், சப்பாத்தியிலும் டீசல் வாடை. லீவில் வந்தால் அம்மா என் துணியை மூன்று தடவை அலசுவாள். இன்று மூன்று வேளையும் குளிக்கத் தண்ணீர் இருக்கிறது. ஆனாலும் பெட்ரோல் பங்கில் டீசல் லாரிக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் கூடுதலாக நின்றுவிட்டுத்தான் வருகிறேன். எதையாவது விட்டு வந்தவர்களுக்கு இது புரியும்.

1984. பெரிய பழுதுபார்ப்பு முடிந்து ஆழச் சோதனைக்குப் போனோம். புது வெல்டும் வால்வும் தாங்குமா என்பது இறங்கினால்தான் தெரியும். 250 மீட்டரில் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் மீதும் 25 கிலோ அழுத்தம். 1963 ஏப்ரல் 10 அன்று அமெரிக்காவின் 'த்ரெஷர்' நீர்மூழ்கி இப்படியொரு சோதனையில்தான் 129 பேரோடு போயிற்று. எல்லோருக்கும் தெரியும். யாரும் அந்தப் பெயரை எடுக்கவில்லை.

ஏழாம் பகுதியில், பின்புற டார்பிடோ குழாய்களுக்கு முன்னால், என் சீஃப் ஒரு சுவரிலிருந்து மறு சுவருக்கு வெள்ளை நூல் ஒன்றை இழுத்துக் கட்டினார். ஸ்ரீகாகுளத்துக்காரர். விரலால் சுண்டினார். டிங் என்றது. "பார்த்துக்கிட்டே இரு, தம்முடு" என்றார்.

பத்துப் பத்து மீட்டராக இறங்கினோம். ஒவ்வொரு பத்துக்கும் ஒலிபெருக்கி கேட்கும். ஒன்றாம் பகுதியிலிருந்து வரிசையாகப் பதில் போகும். ஒன்று, கசிவில்லை. இரண்டு, கசிவில்லை. கடைசியாகச் சீஃபின் குரல், கரகரவென்று, அவசரமே இல்லாமல்: ஏழு, கசிவில்லை.

இருநூறுக்குக் கீழே இரும்பு முனக ஆரம்பித்தது. என் புறங்கையில் ஒரு சொட்டு விழுந்தது. நாக்கில் வைத்துப் பார்த்தேன். உப்பில்லை, குழாயில் வேர்த்த நீர். அப்போதுதான் நூலைப் பார்த்தேன். கடல் எங்கள் போட்டை நெருக்கியதில் சுவர்கள் கிட்டே வந்து, நூல் நடுவில் தொங்கிக்கொண்டிருந்தது.

"பயப்படாதே. மேலே போனா தானா விறைச்சுக்கும்."

என்னிடம் கற்ற அரைகுறைத் தமிழ். மேலே வந்தோம். நூல் விறைத்தது. அவர் மறுபடி சுண்டினார், அதே டிங்.

நான் ஏங்குவது அந்த ஆபத்துக்காக இல்லை. பத்து மீட்டருக்கு ஒரு தரம் எங்களைக் கேட்டார்கள். பதில் வரும்வரை காத்திருந்தார்கள். நாங்கள் சொல்லாமல் போட் அடுத்த பத்துக்கு இறங்காது. இப்போது பிள்ளைகள் போனில் "சாப்பிட்டாச்சாப்பா?" என்கிறார்கள். நான் வாய் திறப்பதற்குள் பேச்சு வேறெங்கோ போயிருக்கும். அவர்களைக் குறை சொல்லவில்லை. அவர்களுக்கு அவரவர் ஆழம்.

எங்கள் போட் பழைய இரும்பாகிவிட்டது. சீஃப் போய்விட்டார் என்று அவர் மகன் கடிதம் எழுதினான். அதே வகையைச் சேர்ந்த 'குர்சுரா' மட்டும் 2002 முதல் விசாகப்பட்டினம் கடற்கரை மணலில் காட்சிக்கு நிற்கிறது. போயிருந்தேன். ஏழாம் பகுதியில் குழந்தைகள் என்னைத் தாண்டி ஓடினார்கள். டீசல் வாடை இல்லை. நூல் கட்டியிருக்கக்கூடிய இடத்தை நிமிர்ந்து பார்த்துக்கொண்டு நின்றேன்.

மேலே வந்து எத்தனையோ வருஷம் ஆயிற்று, சீஃப். நூல் இன்னும் விறைக்கவில்லை.