கண்ணாடிச் சாளரத் தவறணை

தவறணை என்னுஞ் சொல் மேலைத்தேயத்தார் வழியாக நம்மிடம் வந்து நம் சொல்லாகவே நிலைத்துவிட்டது. அச்சொல்லோடு ஒரு மறைப்பும் சேர்ந்தே வந்தது போலும். எமது இளமையில் யாழ்ப்பாணத்துத் தவறணைகள் கிடுகு வேலிக்குள் ஒதுங்கிக் கிடந்தன. உட்புகுவோர் முன்னும் பின்னும் பார்த்தே புகுவர். வெளிவருவோர் வேறொழுங்கையால் வீடு செல்வர். இந்துக் கல்லூரியொன்றின் விழா மலரிலே தவறணைக்கு என்ன வேலை என்று ஆசிரியப் பெருமக்கள் வினவலாம். மதுவின் பெருமை பேச யாம் முன்வரவில்லை. மது அருந்தாத வீட்டில் வளர்ந்து, அந்நெறியிலேயே முதுமை எய்தியவர் யாம். ஈண்டுக் கூற விழைவது ஒரு சாளரத்தின் வரலாறேயாம்.

அமெரிக்காவிலே, கலிபோர்ணியா மாநிலத்துச் சன்பிரான்சிஸ்கோ நகரில், காஸ்ட்ரோ வீதியும் மார்க்கட் வீதியும் கூடும் மூலையில் 'ருவின் பீக்ஸ்' என்னும் மதுச்சாலை உளது. நகருக்கு மேலே நிற்கும் இரட்டைக் குன்றுகளின் பெயர் அது. 1887ஆம் ஆண்டு காஸ்ட்ரோ வீதிக்கு இழுவைக் கம்பித் தொடர்வண்டி வந்தபின் அயர்லாந்து, ஜேர்மனி, ஸ்கந்திநேவியா முதலிய நாடுகளிலிருந்து வந்த தொழிலாளர் குடும்பங்கள் அப்பகுதியிற் பெருகின. 1906ஆம் ஆண்டு நிலநடுக்கத்தையடுத்து நகரை எரித்த பெருந்தீ இப்பகுதியைத் தீண்டவில்லை. இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் அக்குடும்பங்கள் புறநகர்களை நாடிச் சென்றன. வெறுமையாகிய பழைய மரவீடுகள் மலிந்த விலைக்கு வந்தன. அவற்றிலே 1960களின் இறுதி தொடக்கம் குடியேறியவர்களுட் பலர் தன்பால் ஈர்ப்புடையோர் ஆவர்.

அன்னோர் அக்காலத்திற் பட்ட பாட்டைச் சிறிது கூறுதல் வேண்டும். ஆங்கிலேயர் நம் நாட்டிற்கு 1883இல் வகுத்த தண்டனைச் சட்டக்கோவை போலவே, கலிபோர்ணியாச் சட்டமும் அவர்தம் உறவைக் குற்றமென வைத்திருந்தது. அவர்கள் கூடுமிடமென்று ஐயுறப்பட்ட மதுச்சாலையைப் பொலிசார் முற்றுகையிடுவர். பிடிபட்டோர் பெயர் பத்திரிகையில் வெளிவந்தால் உத்தியோகமும் போகும், உறவும் போகும். 1951ஆம் ஆண்டு அம்மாநில உயர்நீதிமன்றம், இவ்வியல்பினர் வந்து கூடுகின்றனர் என்ற காரணம் ஒன்றுக்காகவே ஒரு கடையின் அனுமதிப்பத்திரத்தைத் தடை செய்தல் ஆகாதெனத் தீர்ப்பளித்தது. 1955இல் சட்டசபை வேறொரு சட்டமியற்றி அத்தீர்ப்பைத் தளர்த்திற்று. 1959இல் நீதிமன்றம் அச்சட்டத்தைத் தள்ளிற்று. வழக்கில் வென்ற 'பிளாக் கட்' என்னும் அக்கடையோ ஓயாத தொல்லைகளின் முடிவில் 1963இல் அனுமதிப்பத்திரத்தை இழந்தது. ஆதலால் இத்தகைய கடைகள் சாளரங்களைப் பலகையால் அடைத்தும், கண்ணாடிக்குக் கருநிறம் பூசியும் இருளில் வாழ்ந்தன.

1971ஆம் ஆண்டில் இவ்வியல்புடைய பெண்மணிகள் இருவர் ருவின் பீக்ஸை வாங்கி, 1972இல் திறந்தனர். வீதியை நோக்கிய பெருங்கண்ணாடிச் சாளரங்களை அவர்கள் மறைக்கவில்லை. உள்ளிருப்போரை வீதியாரும், வீதியாரை உள்ளிருப்போரும் நன்கு காணலாம். மாநிலச் சட்டம் 1975இலேயே திருத்தப்பட்டு, 1976 தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்ததென்பதை நோக்குமிடத்து, அக்கண்ணாடியின் துணிவு விளங்கும். சட்டம் மாறுமுன்னரே திரை விலகியது.

அச்சாளரம் கண்ட காட்சிகள் பல. அதே வீதியிற் புகைப்படக் கருவிக் கடை நடத்திய ஹார்வி மில்க் 1977இல் நகரசபைக்குத் தெரிவானார். 1978 நவம்பர் 27ஆம் நாள் அவரும் நகர முதல்வர் ஜோர்ஜ் மொஸ்கோனியும் நகர மண்டபத்திற் சுட்டுக் கொல்லப்பட்டனர். அன்றிரவு பல்லாயிரவர் மெழுகுதிரி ஏந்திக் காஸ்ட்ரோவிலிருந்து அமைதியாக நடந்தனர். 1981இல் எயிட்ஸ் நோய் முதன்முதலாக அறியப்பட்டது. பின்வந்த ஆண்டுகளில் அவ்வீதியிற் சாவில்லாத வாரம் இல்லையாயிற்று. 1996ஐ ஒட்டிப் புதிய மருந்துகள் வந்தன. 1998 ஆகஸ்டில் அப்பகுதி வார இதழ், அவ்வாரம் தனக்கு ஒரு மரண அறிவித்தலும் வரவில்லை என்பதையே முதற்பக்கச் செய்தியாக வெளியிட்டது. மரண அறிவித்தலை முதலில் வாசிக்கும் நம்மவர்க்கு இதன் பொருளை விரித்துரைத்தல் வேண்டா.

நிற்க. இவ்விடத்தை எமக்குக் காட்டியவர் நம் கல்லூரி விடுதியில் எமக்கு அடுத்த கட்டிலிற் படுத்துறங்கிய அன்பர் ஒருவர். கணிதத்தில் எம்மை வென்றவர். நாவலர் குருபூசையிலே தேவாரம் பாடிப் பரிசு பெற்றவர். 1983இன் அனர்த்தங்களுக்குப் பின் நாடு நீங்கி, மறு ஆண்டு அந்நகர் சேர்ந்தார். அவரும் அவ்வியல்பினர். எமது பயணத்தின்போது சாளரத்தருகே எம்மை இருத்தி, எமக்குக் கோப்பி வருவித்து, அவர் கூறியது இது:

"மூன்று நாள் மாலையில் இவ்வழியாக நடந்து போனேன்; உள்ளே வரத் துணிவில்லை. உள்ளே நரைத்த தலையர் சிலர் இருந்து கதைத்துச் சிரித்தனர். இளைஞர் இவ்விடத்தைக் கண்ணாடிப் பிரேதப்பெட்டி என்று கேலி செய்வர். எனக்கோ அதுவரை என்போன்ற கிழவன் ஒருவனைக் கண்டறியேன். எனக்கும் முதுமை என ஒன்று இருக்கலாம் என்பதை இக்கண்ணாடிக்கு வெளியே நின்றுதான் கண்டேன். நாலாம் நாள் உள்ளே வந்தேன்."

இவ்வாறு கூறியவர், கல்லூரியைப் பற்றி வினவினார். அதிபர் அறைக்கு முன் நின்ற வேம்பு உண்டோ என்றார். பழைய மாணவர் ஒன்றுகூடலுக்கு வரலாமே என்றோம். "மனைவி மக்கள் எங்கே என்று முதற் கேள்வி கேட்பார்களே" எனச் சிரித்தார். அச்சிரிப்பிற் கசப்பில்லை, ஆயின் வருவதாகவும் அவர் சொல்லவில்லை.

2013ஆம் ஆண்டில் சன்பிரான்சிஸ்கோ நகரம் அம்மதுச்சாலையைத் தன் வரலாற்றுச் சின்னங்களுள் ஒன்றாக அறிவித்துப் பாதுகாத்தது. முன்னர்ப் பொலிசார் தட்டிய கதவுகளின் வழித்தோன்றலுக்கு அரசே காவலாயிற்று.

விழாக் காலத்தில் நம் சங்கம் உலகெங்கும் அழைப்பிதழ் அனுப்புகின்றது. மறுமொழி வாராத முகவரிகளும் அவற்றுட் பல. அவ்வன்பர்களும் இம்மண்டபத்திலே எண்சுவடி ஓதியவர்களே. வாயிலில் நின்று வரவேற்போர் முதற் கேள்வியாக, "சுகமாக இருக்கிறீர்களா?" என்று மட்டும் கேட்பாராயின், அதுவும் ஒரு கண்ணாடிச் சாளரமேயாம். கல்லூரித் தாய் தன் மக்கள் அனைவரையும் காண்பாளாக.